‘பாரகூடா’வுக்குப் பிறகு ஒன்பது பாடல்கள்

ஒரு ராக் குழுவின் முதல் ஆல்பத்தை ரசிகர்கள் தாராள மனதோடு கேட்பார்கள். குறை இருந்தாலும் புதியவர்கள்தானே என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவது ஆல்பம் வந்ததும் அந்தத் தாராளம் காணாமல் போய்விடும். முதல் ஆல்பத்துக்கான பாடல்களைச் சேர்க்க அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் இருந்தது, இரண்டாவதற்குச் சில மாதங்கள்தான். எனவே இரண்டாவதில்தான் சரக்கு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும் என்பது ராக் ரசிகர்களிடம் நெடுநாளாக இருக்கும் நம்பிக்கை. குழுவின் முன்னால் நிற்பவர்கள் பெண்களாக இருந்தால் இந்தச் சோதனை இன்னும் கடுமையாகிறது. முதல் ஆல்பம் நன்றாக அமைந்தால் அதை ஓர் அதிசயம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். இரண்டாவதும் நன்றாக அமைந்துவிட்டால் இவர்கள் இசைக்கலைஞர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலைத் தள்ளிப்போட ரசிகர்கள் எத்தனை வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை ராக் இசையின் வரலாற்றில் வரிசையாகப் பார்க்க முடிகிறது.

1971இல் ‘ஃபேனி’ குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘சாரிட்டி பால்’ வந்தது. பிலிப்பைன்ஸில் பிறந்து 1961இல் கலிஃபோர்னியாவுக்கு வந்த ஜூன் மில்லிங்டன், ஜீன் மில்லிங்டன் சகோதரிகளும் இன்னும் இரு பெண்களும் பெரும்பாலும் தாங்களே எழுதி, தாங்களே வாசித்த ஆல்பம். பெண்கள் என்று பார்த்தால் பரவாயில்லை, இதுதான் அவர்கள் அலுக்க அலுக்கக் கேட்ட பாராட்டு. 1977 ஜனவரியில் ‘தி ரன்அவேஸ்’ குழுவின் இரண்டாவது ஆல்பம் ‘குயின்ஸ் ஆஃப் நாய்ஸ்’ வந்தது. பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள் ஐவர். இவர்கள் பொம்மைகள், ஆட்டுவிப்பவர் மேலாளர் கிம் ஃபௌலி என்றார்கள். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தவர்களில் யாரும், அவரிடம் அந்தப் பெண்கள் என்ன பட்டார்கள் என்று அப்போது கேட்கவில்லை. அவர் இறந்த 2015இல்தான் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஜாக்கி ஃபக்ஸ், அவர் மீதான பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டை வெளிப்படையாகச் சொன்னார். 1994 ஏப்ரல் 12இல் ‘ஹோல்’ குழுவின் இரண்டாவது ஆல்பம் ‘லிவ் த்ரூ திஸ்’ வெளியானது. கோர்ட்னி லவ்வின் கணவர் கர்ட் கோபேனின் உடல் கண்டெடுக்கப்பட்டு நான்கு நாட்களே ஆகியிருந்தன. பாடல்களைக் கணவர்தான் எழுதிக்கொடுத்திருப்பார் என்ற வதந்தி அன்று கிளம்பியது, இன்றும் அடங்கவில்லை.

பெண்களாயினும் பரவாயில்லை, பின்னால் ஓர் ஆண் இருக்கிறார், எழுதிக்கொடுத்தவர் வேறு. மூன்று ஆல்பங்கள், மூன்று தீர்ப்புகள். இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது நான்காவது ஒன்றை. 1977 மே மாதம் வந்த ‘லிட்டில் குயின்’. இதன் மீதான தீர்ப்பு மற்ற மூன்றையும் போல அப்பட்டமானதல்ல. பாராட்டின் உருவத்தில் வருகிறது. நம்மைப் போன்ற பெண்ணிய வாசகிகளும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

குழுவின் பெயர் ‘ஹார்ட்’. இதயம் என்ற பொருளில். தமிழில் எழுதும்போது இதயம் என்னும் ஹார்ட்டும் கடினம் என்னும் ஹார்ட்டும் ஒரே எழுத்துகளில் வந்து நிற்கின்றன. ஹார்ட் குழு வாசித்தது ஹார்ட் ராக் என்று எழுதினால் படிப்பவருக்குக் குழப்பம்தான். ஆனால் இந்த ஆல்பத்தைப் பற்றிய சண்டை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் நடக்கிறது என்பதால் அந்தக் குழப்பத்தை அப்படியே விட்டுவைக்கிறேன்.

அக்கா ஆன் வில்சன் பாடுபவர், பாடல் எழுதுபவர், புல்லாங்குழலும் வாசிப்பவர். தங்கை நான்சி வில்சன் கிதார் கலைஞர். சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவில் வளர்ந்தவர்கள். கூடவே ரோஜர் ஃபிஷர், ஸ்டீவ் ஃபாசன், ஹோவர்ட் லீஸ், மைக்கேல் டிரோசியர் என்று நான்கு ஆண்கள். வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேர்க்கையைத் தவிர்த்துக் கனடாவுக்குப் போனவர் ரோஜரின் அண்ணன் மைக்கேல் ஃபிஷர். அவர் ஆனின் காதலர், குழுவை நிர்வகித்தவர். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வான்கூவருக்குப் போனார்கள். அங்கே மஷ்ரூம் என்ற சிறு நிறுவனத்தில் அவர்கள் பதிவுசெய்த முதல் ஆல்பம் ‘ட்ரீம்போட் ஆனி’ 1976இல் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றது.

அந்த வெற்றியைக் கொண்டாட நிறுவனம் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. கிசுகிசுப் பத்திரிகையின் முதல் பக்கம் போல வடிவமைப்பு. ஆல்பத்தின் அட்டையில் இருந்தது போலவே சகோதரிகள் இருவரும் வெறும் தோள்களோடு முதுகோடு முதுகு சாய்ந்திருக்கும் படம். கீழே, தங்களுக்கு இதுதான் முதல் தடவை என்று அவர்கள் சொல்வதாக ஒரு வாசகம். உடன்பிறந்தவர்களுக்குள் உடலுறவு என்பதுதான் அதன் நமுட்டுச் சிரிப்பு. பிறகு ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்த இசைத்துறைக்காரர் ஒருவர் ஆனிடம் அவருடைய காதலர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். மைக்கேலைப் பற்றிக் கேட்கிறார் என்று ஆன் நினைத்தார். அவர் கேட்டது நான்சியைப் பற்றி என்பது அடுத்த நொடி புரிந்தது. ஆன் விடுதி அறைக்குப் போய் எழுதியதுதான் ‘பாரகூடா’. நம் கடற்கரையில் சீலா மீன் என்பார்கள். அசையாமல் நின்று, இரை கிட்ட வந்ததும் பாயும் மீன்.

‘லிட்டில் குயின்’ ஆல்பத்தின் முதல் பாடல் இது. அமெரிக்கப் பட்டியலில் 11ஆம் இடம் வரை போனது. ஆல்பம் 9ஆம் இடம் வரை போய், காலப்போக்கில் முப்பது லட்சத்துக்கு மேல் விற்று மூன்று பிளாட்டினம் சான்று பெற்றது. எனவே வெற்றியைப் பொறுத்தவரை யாருக்கும் மறுப்பில்லை. வெற்றி பெற்ற ஆல்பத்தை எப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ரசிகர்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவதைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று கருத்துகள் மறுபடி மறுபடி வருகின்றன. முதலாவது: ‘பாரகூடா’ அபாரம், அதன் பிறகு ஆல்பம் இறங்கிவிடுகிறது. இரண்டாவது: இவர்கள் பெண் லெட் செப்பெலின். மூன்றாவது: மாண்டலினும் நாட்டுப்புறச் சாயலும் கொண்ட மென்மையான பாடல்கள் ஹார்ட் ராக்கின் வேகத்தைக் கெடுக்கின்றன; ஆண்கள் வாசிக்கும் கடினமும் பெண்கள் கொண்டுவந்த மென்மையும் ஒட்டாமல் நிற்கின்றன.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சரிபார்ப்பது எளிது. ஆல்பத்தில் எழுதியவர் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. முதல் பக்கத்தின் கடைசிப் பாடல் ‘கிக் இட் அவுட்’. வேகமான, எந்தச் சமரசமும் இல்லாத ராக். எழுதியவர் ஆன் வில்சன் மட்டும். அதற்கு இரண்டு பாடல்களுக்கு முன்னால் வரும் ‘சில்வன் சாங்’ வார்த்தைகளே இல்லாத சிறு துண்டு. காட்டுக்குள் மாலை இறங்குவது போன்ற மாண்டலின் இசை. எழுதியவர்கள் நான்சியும், ‘ஹார்ட்’ குழுவின் மின் கிதார்காரரான ரோஜர் ஃபிஷரும். கடினம் ஆண்களுடையது, மென்மை பெண்களுடையது என்று பிரித்துக் கேட்டவர்கள் காதால் கேட்கவில்லை. யாரிடமிருந்து எது வரும் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு கேட்டார்கள். ஒரு பெண் தனியாக எழுதிய முரட்டுப் பாடலும் ஓர் ஆண் சேர்ந்து எழுதிய மென்மையான துண்டும் ஒரே பக்கத்தில் அருகருகே இருந்தும் அந்த முடிவு அசையவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று, இந்தப் பிரிவினையே இசைக்குப் பொருந்தவில்லை. ‘லவ் அலைவ்’ பாடலைக் கேளுங்கள். ஒற்றைக் கிதாரின் விரல் மீட்டலோடு தொடங்குகிறது. ஆனின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அடங்கியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக இசைக்கருவிகள் சேர்கின்றன. டிரம்ஸ் உள்ளே வரும்போது அதே மெட்டு முழு எடையோடு நிற்கிறது. எந்த இடத்தில் மென்மை முடிந்து கடினம் தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மென்மையை முன்னுரை என்றும் கடினத்தைப் பாடல் என்றும் பிரித்துக் கேட்பவருக்கு இந்தப் பாடல் பாதிதான் கிடைக்கும்.

இனி லெட் செப்பெலின். வில்சன் சகோதரிகள் இந்தக் கடனை ஒருபோதும் மறைத்ததில்லை. கிளப்புகளில் செப்பெலின் பாடல்களை வாசித்து வளர்ந்த குழு அது. 2012 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த கென்னடி சென்டர் கௌரவிப்பு விழாவில் செப்பெலின் குழுவினர் எதிரே அமர்ந்திருக்க, அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாடலை இந்தச் சகோதரிகள் பாடினார்கள். ராபர்ட் பிளான்ட்டின் கண்கள் கலங்கியதை உலகமே பார்த்தது. தாக்கம் இருக்கிறதா என்பது இங்கே கேள்வியல்ல. ‘பெண் செப்பெலின்’ என்ற அடைமொழி என்ன கணக்கை எழுதுகிறது, எதை எழுதாமல் விடுகிறது என்பதே கேள்வி.

செப்பெலினின் இரண்டாவது ஆல்பம் 1969இல் வந்தது. அதன் முதல் பாடல் வில்லி டிக்சன் என்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர் எழுதிய பாடலிலிருந்து எடுத்தது. டிக்சன் வழக்குப் போட்டு, 1987இல் சமரசம் ஆகி, பிறகுதான் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாடல் 1929இல் மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் பதிவுசெய்தது. மெம்ஃபிஸ் மின்னி கறுப்பினப் பெண். கிதாரில் ஆண்களோடு நேருக்கு நேர் நின்றவர். அதே நான்காவது ஆல்பத்தில் மாண்டலின் இசையோடு வரும் பாடலில் பிளான்ட்டோடு சேர்ந்து பாடியவர் சாண்டி டென்னி என்ற பெண். ‘ட்ரீம் ஆஃப் தி ஆர்ச்சர்’ பாடலின் மாண்டலினைக் கேட்டதும் ரசிகர்கள் செப்பெலினை நினைக்கிறார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பெண் குரல் இருந்ததை நினைப்பதில்லை.

‘பாரகூடா’வின் அந்தப் புகழ்பெற்ற குதிரைப் பாய்ச்சல் கிதார் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை இன்னும் சுவையாகிறது. ஸ்காட்லாந்தின் ‘நாசரெத்’ குழு ஒரு பாடலை அப்படிப் பாய்ச்சலாக வாசித்தது. அவர்களோடு சுற்றுப்பயணம் போனபோது அது தங்களுக்குள் புகுந்துகொண்டதாக நான்சியே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். நாசரெத் 1973இல் வாசித்த அந்தப் பாடல் அவர்களுடையதல்ல. ஜோனி மிட்செல் எழுதியது. 1971இல் வந்த அவருடைய ‘ப்ளூ’ ஆல்பத்தில் இருப்பது. ஒரு பெண் கிதாரோடு பாடியதை ஆண்கள் எடுத்துக் கடினமாக்கினார்கள். அந்தக் கடினத்தை இன்னொரு பெண் எடுத்துத் தன் கோபத்துக்கு அடித்தளமாக்கினார். இந்தப் போக்குவரத்தைத்தான் ‘பெண் செப்பெலின்’ என்ற இரண்டு சொற்கள் மூடிவிடுகின்றன. ஆண்கள் பிறரிடமிருந்து எடுத்தால் மரபு. பெண்கள் எடுத்தால் நகல்.

முதல் கருத்துக்கு வருகிறேன். ‘பாரகூடா’வுக்குப் பிறகு ஆல்பம் இறங்குகிறது என்பது. இதை ராக் ரசிகர்கள் மட்டும் சொல்லவில்லை. பெண்ணிய நோக்கில் எழுதுபவர்களும் வேறு சொற்களில் இதையேதான் சொல்லிவருகிறார்கள். ‘லிட்டில் குயின்’ பற்றிய பேச்சைத் தொடங்கினால் விளம்பரம், மேடைக்குப் பின்னால் வந்த மனிதர், விடுதி அறை, கோபம், பாடல் என்று ஒரே வரிசையில் கதை ஓடி முடிந்துவிடுகிறது. நானும் மேலே அதே வரிசையில்தான் சொன்னேன்; சொல்லாமல் இந்த ஆல்பத்தை அறிமுகப்படுத்த முடியாது. ஆனால் அந்தக் கதையோடு பேச்சை முடித்துக்கொண்டால் பத்துப் பாடல்கள் கொண்ட ஆல்பத்தில் ஒன்பது போய்விடுகின்றன. மிஞ்சும் ஒன்றில் நடு இருக்கை யாருக்கு? அந்தப் பெயரில்லாத மனிதருக்கு. அவர் வாயைத் திறந்திருக்காவிட்டால் இந்தப் படைப்பே இல்லை என்பது போல.

சில மாணவிகளோடு சேர்ந்து ஒரு மதியம் இந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். முன்கதை எதையும் சொல்லவில்லை. பிடித்த பாடல் எது என்று கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்திக்கு ‘லவ் அலைவ்’, இன்னொருத்திக்கு மாண்டலின், இருவருக்கு ‘பாரகூடா’. பிறகு கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்த ஒரு மணிநேரப் பேச்சில் வேறு எந்தப் பாடலின் பெயரும் வரவில்லை. ‘லவ் அலைவ்’ பிடித்தது என்றவள், தன் தேர்வு கொஞ்சம் லேசானதோ என்று தயங்கினாள். அந்தத் தயக்கம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவமானம் நேர்ந்ததற்குச் சாட்சியாக இருக்கும் பாடல் கனமானது. அன்பைப் பற்றிய பாடல் லேசானது. இந்த எடைக்கல்லை யார் கொடுத்தார்கள்?

கடினமே உயர்வு, மென்மை அதற்குக் கீழ் என்று ராக் ரசிகர்கள் வைத்திருக்கும் படிவரிசையைத்தான், கோபமே அரசியல், மற்றதெல்லாம் அலங்காரம் என்று நாம் மாற்றி எழுதிவைத்திருக்கிறோம். சொற்கள் வேறு, ஏணி ஒன்று. பெண்ணின் கோபத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்காக நாம் நடத்திய வாதம் நியாயமானது. அந்த வாதம், கோபப்படாத நேரத்தில் அவள் செய்ததைக் கேட்கத் தேவையில்லை என்ற இடத்துக்கு வந்து நிற்கக் கூடாது.

‘பாரகூடா’வின் பிற்கால வாழ்க்கை இதற்கு ஓர் எச்சரிக்கை. 2008 செப்டம்பரில் குடியரசுக் கட்சியின் மாநாட்டில், துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினுக்காக இந்தப் பாடல் ஒலித்தது. பள்ளிக் கூடைப்பந்து அணியில் அவருக்கு இருந்த பட்டப்பெயர் ‘சாரா பாரகூடா’. சகோதரிகள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பேலினின் கருத்துகள் தங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தவில்லை என்றார்கள். கருக்கலைப்பு உரிமையை எதிர்க்கும் ஒருவருக்கு இந்தப் பாடல் எப்படிக் கொடியானது? கோபத்தை அதன் காரணத்திலிருந்து பிரித்து, வெறும் பாய்ச்சலாக, பலமாக மட்டும் கேட்டால் அதை யாரும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆண்களின் கேவலமான சிரிப்பைப் பற்றிய பாடல், ‘இவள் கடிப்பாள்’ என்ற விளம்பர வாசகமாகிவிட்டது. இசைத்துறையின் கயமையைத் தோலுரிக்க வைத்த மீன் பெயர், பாடலைப் பாடியவளுக்கே பட்டமாக வந்து ஒட்டிக்கொண்டதும் இதனால்தான். பாடலில் பாரகூடா அவர்கள், ஆன் அல்ல.

‘லிட்டில் குயின்’ இரண்டாவது ஆல்பமா மூன்றாவதா என்றும் ரசிகர்கள் வழக்காடுவார்கள். வேடிக்கையான சண்டை போலத் தெரியும். அதற்குள் இருப்பது வேடிக்கை அல்ல. அந்த விளம்பரம் உட்படப் பல காரணங்களால் குழு மஷ்ரூமை விட்டு விலகி சிபிஎஸ்-இன் கிளையான போர்ட்ரெய்ட் நிறுவனத்துக்குப் போனது. பழைய நிறுவனத்திடம் பாதியில் நின்ற பதிவுகள் இருந்தன. அவற்றோடு பழைய மேடைப் பதிவுகளையும் சேர்த்து 1977 வசந்தத்தில், ‘லிட்டில் குயின்’ வருவதற்குச் சற்று முன்பு, ‘மேகசின்’ என்ற பெயரில் ஓர் ஆல்பமாக வெளியிட்டது. குழுவின் ஒத்துழைப்பு இல்லாமல் முடிக்க வேண்டியதாயிற்று என்று அட்டையிலேயே ஒரு குறிப்பு. குழு நீதிமன்றத்துக்குப் போய் அதைத் திரும்பப் பெற வைத்தது. பிறகு தாங்களே மறுபடி பாடி, ஒலியைச் சீர்செய்து 1978இல் வெளியிட்டார்கள்.

வெளியான தேதியை மட்டும் வைத்து எண்ணினால் ‘மேகசின்’ இரண்டாவது. சரி என்று ஆன் வில்சன் ஒப்புக்கொண்ட குரலை வைத்து எண்ணினால் ‘லிட்டில் குயின்’ இரண்டாவது. ஒரு பெண் இன்னும் முடிக்காத வேலையை, இது போதும் என்று எடுத்துக் கடையில் வைப்பதற்கு நிறுவனத்துக்கு உரிமை உண்டா? அந்தச் சகோதரிகளின் படத்தை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு வாசகம் போட்ட அதே கைதான் முடியாத குரலையும் எடுத்து விற்றது. விளம்பரத்தை அவமானம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ‘மேகசின்’ விஷயத்தை ஒப்பந்தத் தகராறு என்று சொல்லி அடுத்த பக்கம் திருப்புகிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. எண்ணிக்கையில் நான் ஆனின் பக்கம்.

இந்த ஆல்பம் குறையில்லாதது என்று சொல்லவரவில்லை. அட்டைப்படத்தில் குழுவினர் வண்டியும் விலங்குகளும் சூழ, பழைய ஐரோப்பாவின் நாடோடிகளைப் போல உடுத்தி நிற்கிறார்கள். ஐரோப்பா முழுவதும் விரட்டப்பட்ட ரோமா மக்களின் வாழ்க்கையை வெல்வெட் துணியாகவும் மணியாகவும் எடுத்து அணிவது 1970களின் ராக் உலகில் சாதாரணமாக இருந்தது. தங்கள் படத்தை ஒருவர் தவறாகப் பயன்படுத்தியதால் வெந்தவர்கள், பிறருடைய வாழ்க்கையை அலங்காரமாக அணிந்துகொண்டதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ‘சே ஹலோ’ பாடல் நல்ல மனநிலையில் இருக்கிறது, அதற்கு மேல் அதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தலைப்புப் பாடலான ‘லிட்டில் குயின்’ தேவைக்கு மேல் தன் தாளத்தில் மயங்கி நிற்கிறது. இப்படிப்பட்ட குறைகளைச் சொல்ல முடிவதே ஓர் ஆறுதல். ‘பெண்களுக்குப் பரவாயில்லை’ என்ற சலுகையும் இல்லாமல், ‘பெண் என்பதால் வணக்கத்துக்குரியது’ என்ற சலுகையும் இல்லாமல், ஒரு படைப்பைப் படைப்பாக எடுத்துப் பேசுவது இதுதான்.

பின்னாளில் இந்தச் சகோதரிகளுக்கு என்ன நடந்தது என்பதும் இந்த ஆல்பத்தின் மதிப்பை மாற்றியது. 1980களில் கேபிடல் நிறுவனத்துக்குப் போனபின் அவர்களின் பெரிய வெற்றிகள் பலவும் வெளியாட்கள் எழுதிய பாடல்கள். 1985இல் வந்த ஆல்பம் முதலிடம் பிடித்தது. ஆனால் அது காணொளிகளின் காலம். ஆனின் எடை கூடியபோது கேமரா அவர் முகத்தின் மிக அருகில் போய் உடலை மறைத்தது, அல்லது நான்சியின் பக்கம் திரும்பிக்கொண்டது. பாடுவது அக்கா, திரையில் தங்கை. ஆன் இதைப் பற்றி வலியோடு பேசியிருக்கிறார். ஒரு காலத்தில் இருவரையும் ஒட்டவைத்து இழிவான கதை கட்டினார்கள்; பத்தே ஆண்டுகளில் இருவரையும் எடைபோட்டுப் பிரித்தார்கள். அந்தக் காலத்தைப் பார்த்தபின் ரசிகர்களில் பலர் ‘லிட்டில் குயின்’ பக்கம் திரும்பி, அப்போது இவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதினார்களே என்று ஏங்கத் தொடங்கினார்கள். எழுதியபோது கொடுக்காத படைப்பாளி என்ற பெயரை, எழுதாமல் போனபோது குறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 2013இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர்கள் சேர்க்கப்பட்டபோது அறிமுகப்படுத்திப் பேசியவர் சியாட்டிலின் அடுத்த தலைமுறைப் பாடகர் கிறிஸ் கார்னெல். முதல் ஆல்பம் வந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேட்பவர்களின் கருத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று கேட்கலாம். தேவைதான். அமெரிக்க வானொலிகளில் ஒரு பெண் பாடிய பாட்டுக்கு அடுத்து இன்னொரு பெண் பாடிய பாட்டைப் போடக் கூடாது என்பது நெடுங்காலம் எழுதாத விதியாக இருந்தது. நேயர்கள் விரும்ப மாட்டார்கள் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த விதியை எதிர்த்துத்தான் 1997இல் சாரா மெக்லாக்லன் பெண் கலைஞர்களை முன்னிறுத்தி ‘லிலித் ஃபேர்’ என்ற இசைப் பயணத்தைத் தொடங்கினார். கருத்து என்பது வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போகும் சொல் அல்ல. யாருடைய பாட்டு எத்தனை முறை ஒலிக்கும், யாருக்கு அடுத்த ஆல்பம் கிடைக்கும், யார் முகம் அட்டையில் வரும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. நம் கருத்தும் அப்படித்தான். நாம் கோபத்தை மட்டும் கேட்டால் பெண்களிடமிருந்து கோபம் மட்டும்தான் விலைபோகும்.

அதனால் இந்த ஆல்பத்தை முதன்முறையாகக் கேட்கப்போகும் தோழிகளுக்கு ஒரு யோசனை. இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ‘ட்ரீட் மீ வெல்’ பாடலை எழுதியவரும் பாடுபவரும் நான்சி. அதுவரை அக்காவின் குரலுக்குப் பின்னால் இருந்தவர் அந்த ஆல்பத்தில்தான் முதன்முதலாக ஒரு முழுப் பாடலுக்கு முன்னால் வருகிறார். அக்காவின் வீச்சு அவருக்கு இல்லை, அதற்கு அவர் முயலவும் இல்லை. சின்னக் குரல், அதன் அளவுக்குத் தைத்த பாட்டு. பிறகு ‘க்ரை டு மீ’, கடைசியாக ‘கோ ஆன் க்ரை’. கோபத்தோடு திறக்கும் ஆல்பம் அழுகையைத் தலைப்பில் வைத்த இரண்டு பாடல்களோடு மூடுகிறது. ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் கடைசிப் பாடலில் சொற்கள் மிகக் குறைவு. ஆனின் குரல் பெரும்பாலும் ஓர் இசைக்கருவியாகவே மிதக்கிறது. ராக் ரசிகர்கள் பலர் இதைப் பலவீனமான முடிவு என்கிறார்கள். அழுவதைப் பலவீனம் என்று சொல்லிப் பழகிய காதுகள் வேறு எப்படிக் கேட்கும்? எனக்கு அதில் தோற்றவளின் அழுகை கேட்கவில்லை. சண்டையெல்லாம் முடிந்து, கதவைச் சாத்திவிட்டு, இன்னொருத்தியிடம் ‘அழு, நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் நேரம் கேட்கிறது. மேடைக்குப் பின்னால் வந்த அந்த மனிதருக்கு இந்தப் பாடலில் இடமே இல்லை.

அதைக் கேட்டு முடித்துவிட்டு ‘பாரகூடா’வுக்கு வாருங்கள். அதன் பாய்ச்சல் கொஞ்சமும் குறைந்திருக்காது.